ஜேயூனிட் 4-லிருந்து 5-க்கு மாற்றம்: ரீஜெக்ஸ் போதுமா, ஸ்ட்ரக்சுரல் சர்ச் வேண்டுமா?

மார்ச் 3, காலை 9.40 – கேள்வி

ஜாவா புராஜெக்ட். டெஸ்ட் எல்லாம் ஜேயூனிட் 4 (ஜாவா டெஸ்ட் லைப்ரரி), இப்போது 5-க்குப் போக வேண்டும். அதன் அசர்ட்ஈக்வல்ஸ் மெத்தட், எதிர்பார்த்த மதிப்பும் வந்த விளைவும் ஒன்றா என்று சோதிக்கும். 4-ல் பிழைச் செய்தி முதல் ஆர்க்யுமென்ட்டாக வரும், 5-ல் கடைசியாக வரும். இன்டலிஜே எடிட்டரின் தேடலில் ரீஜெக்ஸை (எழுத்துப் பேட்டர்னால் தேடும் முறை) தட்டிவிட்டு

அசர்ட்ஈக்வல்ஸ்\((.*), (.*), (.*)\)

என்று தேடி

அசர்ட்ஈக்வல்ஸ்($2, $3, $1)

என்று மாற்றினால் முடிந்தது. பத்து நிமிட வேலை. இதற்கு ஏன் ஸ்ட்ரக்சுரல் சர்ச் (எழுத்தை அல்ல, கோடின் கட்டமைப்பைத் தேடுவது), அது இது என்று சுற்றி வளைக்கிறார்கள்?

மார்ச் 3, காலை 10.15

மெத்தட் பெயர்களை நீங்கள் எழுதிய மாதிரியே உச்சரிப்பின்படி எழுதுகிறேன். எடிட்டரில் ஜாவா பெயரையே அடியுங்கள்.

உங்கள் பேட்டர்னை ஒரே ஒரு வரியில் ஓட்டிப் பாருங்கள்:

அசர்ட்ஈக்வல்ஸ்("தொகை, வரி", 15, கணக்கு.கூட்டு(10, 5))

இந்த வரியில் காற்புள்ளி நான்கு. ஆர்க்யுமென்ட்டைப் பிரிப்பவை அதில் இரண்டுதான். ஒன்று மேற்கோளுக்குள் இருக்கிறது, இன்னொன்று உள்ளே இருக்கும் அடைப்புக்குள். ரீஜெக்ஸுக்கு நான்கும் ஒன்றுதான். (.*) எவ்வளவு விழுங்க முடியுமோ அவ்வளவு விழுங்கும். ஆகவே முதல் (.*) பிடிக்கும் $1 என்பது "தொகை, வரி", 15 வரை போகும். $2 என்பது கணக்கு.கூட்டு(10. $3 என்பது 5). மாற்றியபின் கிடைப்பது:

அசர்ட்ஈக்வல்ஸ்(கணக்கு.கூட்டு(10, 5), "தொகை, வரி", 15)

அடைப்பு சரியாக மூடியிருக்கிறது, பார்வைக்கு நல்ல ஜாவா. ஆனால் செய்தி நடுவில் உட்கார்ந்திருக்கிறது. இந்த வரியில் கடைசி மதிப்பு எண் என்பதால் கம்பைலர் பிடித்துவிடும். அங்கே ஒரு ஸ்ட்ரிங் இருந்திருந்தால் பிடித்திருக்காது.

கேள்விக்குறி சேர்த்து (.*?) என்று போட்டால் சரியாகிவிடும் என்று சொல்பவர்கள் உண்டு. அப்போது $1 என்பது "தொகை, $2 என்பது வரி", மிச்சம் முழுக்க $3. மேற்கோள் பாதியில் அறுந்து தொங்கும். [^,]* என்று போட்டாலோ இந்த வரி பிடிபடவே பிடிபடாது. தேடல் பட்டியலிலேயே வராது.

இந்த மூன்றில் எது மோசம் என்றால் கடைசியாகச் சொன்னது. முதல் இரண்டும் கோடைக் கெடுக்கின்றன, கெட்டது கண்ணில் படும். மூன்றாவது விட்டுவிட்டுப் போகிறது. விட்டுப்போனதை யாரும் தேடிப் போக மாட்டார்கள்.

மார்ச் 3, காலை 11.05

ஒன்று சேர்க்க மறந்தேன். புள்ளி என்பது வரி முடிவைத் தாண்டாது. நீளமான அசர்ட்டை மூன்று நான்கு வரியாக மடித்து எழுதியிருந்தால் (.*) அதைத் தொடாது. செய்தி நீளமாக இருக்கும் இடத்தில்தான் வரியை மடிப்பார்கள். அதாவது செய்தி வைத்து எழுதப்பட்ட அசர்ட்கள்தான், நாம் மாற்ற வேண்டியவைதான், அதிகம் விட்டுப்போகும்.

மார்ச் 3, மாலை 6.20

கேட்டவர் மறுபடி எழுதியிருக்கிறார்: "விட்டுப்போனால் என்ன? இம்போர்ட் மாறியதும் கம்பைல் ஆகாது, அப்போது கையால் திருத்திக்கொள்ளலாம்."

பாதி உண்மை. மீதிப் பாதியில்தான் ஆபத்து, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஜேயூனிட் 4-ல் அசர்ட்நாட்நல்(செய்தி, பொருள்). ஜேயூனிட் 5-ல் அசர்ட்நாட்நல்(பொருள், செய்தி). 5-ல் முதல் ஆர்க்யுமென்ட்டின் வகை ஆப்ஜெக்ட், இரண்டாவது ஸ்ட்ரிங். இப்போது பழைய வரி இது என்று வையுங்கள்:

அசர்ட்நாட்நல்("பெயர் வரவில்லை", பயனர்.பெயர்())

பெயர்() திருப்பித் தருவது ஸ்ட்ரிங். இம்போர்ட்டை (எந்த ஜேயூனிட் என்று ஃபைலின் தலையில் சொல்லும் வரியை) மட்டும் மாற்றிவிட்டு இந்த வரியைத் தொடாமல் விட்டால் என்ன ஆகும்? கம்பைல் ஆகும். "பெயர் வரவில்லை" என்ற மேற்கோள் நல் (மதிப்பே இல்லாத நிலை) இல்லையே என்று ஜேயூனிட் சரிபார்க்கும். அது என்றைக்கும் நல் ஆகப் போவதில்லை. டெஸ்ட் பச்சை, அதாவது தேறியது. நாளை பெயர்() நல் தர ஆரம்பித்தாலும் பச்சைதான். டெஸ்ட் பெயரளவில் இருக்கும், எதையும் காக்காது.

இதே கதிதான் அசர்ட்நாட்ஈக்வல்ஸ்(செய்தி, அ, ஆ) என்பதற்கும். ஆ ஸ்ட்ரிங்காக இருந்தால் கம்பைல் ஆகிவிடும். செய்தியையும் அ-வையும் ஒப்பிட்டு "இரண்டும் வேறு" என்று தேறிவிடும். அசர்ட்நாட்சேம் அப்படியே.

அசர்ட்நல், அசர்ட்ஈக்வல்ஸ் இரண்டும் இந்த வகையில் நல்லவை. விட்டுப்போனால் சிவப்பு காட்டும், ஓடிப்போய்த் திருத்தலாம். அசர்ட்ட்ரூ இன்னும் நல்லது, முதலில் ஸ்ட்ரிங் இருந்தால் கம்பைலே ஆகாது. பெயரில் "நாட்" இருக்கும் மூன்றும்தான் பொய்ப் பச்சை காட்டுபவை. வேலையைத் தொடங்கும்போது இந்த மூன்றிலிருந்து தொடங்குங்கள். அசர்ட்ஈக்வல்ஸ் எண்ணிக்கையில் அதிகம் என்பதற்காக முதலில் அதில் கை வைக்காதீர்கள்.

மார்ச் 4, காலை 8.50

இப்போது ஸ்ட்ரக்சுரல் சர்ச். இன்டலிஜே ஐடியாவில் எடிட் மெனு, ஃபைண்ட், அதற்குள் ரீப்ளேஸ் ஸ்ட்ரக்சுரலி. முதல் தடவை ரீப்ளேஸ் பக்கமே போகாதீர்கள். அதே மெனுவில் சர்ச் ஸ்ட்ரக்சுரலி இருக்கிறது, அதில் தொடங்குங்கள். தேடல் சரியானபின் அதே டெம்ப்ளேட்டை ரீப்ளேஸில் ஒட்டலாம்.

டெம்ப்ளேட் பெட்டியில்:

அசர்ட்ஈக்வல்ஸ்($செய்தி$, $எதிர்பார்ப்பு$, $விளைவு$)

இரு டாலருக்கு நடுவில் இருப்பது வேரியபிள். பெயர் உங்கள் இஷ்டம். இந்த டெம்ப்ளேட்டை இன்டலிஜே எழுத்துக் கோவையாகப் பார்ப்பதில்லை. ஜாவாவாகப் படித்து, மெத்தட் அழைப்பு ஒன்று, அதற்கு மூன்று ஆர்க்யுமென்ட் என்று புரிந்துகொள்கிறது. மேற்கோளுக்குள் எத்தனை காற்புள்ளி இருந்தாலும், அழைப்புக்குள் அழைப்பு எத்தனை அடுக்கு போனாலும், வரி எப்படி மடிந்திருந்தாலும் ஒரே கணக்குதான். ரீஜெக்ஸில் திணறிய நேற்றைய வரி இதில் முதல் தட்டிலேயே விழும்.

இதோடு விட்டால் இன்னொரு பள்ளம் காத்திருக்கிறது. மூன்று ஆர்க்யுமென்ட் அசர்ட்ஈக்வல்ஸ் 4-ல் இரண்டு வகை. ஒன்று செய்தி, எதிர்பார்ப்பு, விளைவு. இன்னொன்று தசம எண்களுக்கானது: எதிர்பார்ப்பு, விளைவு, டெல்டா (அனுமதிக்கும் வித்தியாசம்). அசர்ட்ஈக்வல்ஸ்(3.14, பரப்பு, 0.001) என்பதை உங்கள் டெம்ப்ளேட் பிடித்துச் சுழற்றினால் (பரப்பு, 0.001, 3.14) ஆகும். பரப்புக்கும் 0.001-க்கும் வித்தியாசம் 3.14-க்குள் இருக்கிறதா என்று அது பார்க்கும். கம்பைல் ஆகும். பரப்பு 3.14-க்குப் பக்கத்தில் இருந்தால் பச்சையும் காட்டும்.

ஆகவே கர்சரை $செய்தி$ மேல் வைத்து, வலப்பக்கம் இருக்கும் இடத்தில் மாடிஃபையர் (வேரியபிளுக்கான நிபந்தனை) சேர்க்கும் பொத்தானை அழுத்தி, டைப் என்பதைத் தேர்ந்து ஸ்ட்ரிங் என்று கொடுங்கள். டெல்டா வகை தானாக விலகிக்கொள்ளும்.

டைப் மாடிஃபையரின் அருமை மேற்கோள் இல்லாத இடத்தில் தெரியும். செய்தி எப்போதும் நேரடி மேற்கோளாகவே இருப்பதில்லை. "வரிசை " + எண் என்று கூட்டியிருப்பார்கள், மேலே மாறிலியாக வைத்திருப்பார்கள், ஒரு மெத்தட்டிலிருந்து வாங்கியிருப்பார்கள். மேற்கோளைத் தேடும் ரீஜெக்ஸ் பின்னால் சொன்ன இரண்டையும் விட்டுவிடும். மூன்றின் வகையும் ஸ்ட்ரிங்தான் என்பதால் டைப் மூன்றையும் பிடிக்கும்.

மார்ச் 4, காலை 9.10

நான்கு ஆர்க்யுமென்ட்டும் உண்டு: (செய்தி, எதிர்பார்ப்பு, விளைவு, டெல்டா). 5-ல் அது (எதிர்பார்ப்பு, விளைவு, டெல்டா, செய்தி). அதற்குத் தனி டெம்ப்ளேட். ஒரே டெம்ப்ளேட்டில் கவுன்ட் மாடிஃபையரை (எத்தனை தடவை வரலாம் என்பது) 2 முதல் 3 வரை வைத்து அடக்கிவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள். தனியாக ஓட்டினால் எத்தனை இடம் மாறியது என்று தனித்தனி எண்ணிக்கை கையில் இருக்கும். அந்த எண்கள் பிறகு வேண்டும்.

மார்ச் 4, பிற்பகல் 2.30

ஒருவர் கேட்கிறார்: "டைப் கொடுத்தவுடன் விடை 0 என்று வருகிறது. எடுத்துவிட்டால் நூற்றுக்கணக்கில் வருகிறது."

வகையை அறிய இன்டலிஜேக்கு லைப்ரரி தெரிய வேண்டும். மூன்று இடத்தைப் பாருங்கள். ஜேடிகே (ஜாவா கருவித் தொகுப்பு) பொருத்தியிருக்கிறதா? மேவன் அல்லது கிரேடில் சார்புகள் (வெளி லைப்ரரிகள்) இறங்கியிருக்கின்றனவா? கீழே இன்டெக்ஸிங் ஓடி முடிந்ததா? கோடில் சிவப்பு எழுத்து இருக்கும் ஃபைலில் டைப் மாடிஃபையரை நம்ப முடியாது, வகை தெரியாததை அது ஓசையில்லாமல் ஒதுக்கிவிடும்.

இதனால் ஒரு வரிசை கட்டாயம். ஜேயூனிட் 4-ஐச் சார்புப் பட்டியலிலிருந்து நீக்கிவிட்டு இந்த வேலையைத் தொடங்காதீர்கள். 4, 5 இரண்டும் ஒரே நேரத்தில் சார்பில் இருக்கட்டும், புராஜெக்ட் முழுசாகக் கம்பைல் ஆகும் நிலையில் தேடல் நடக்கட்டும். 4-ஐ எடுப்பது கடைசி கமிட்.

ஃபைல் டைப் பெட்டியையும் பாருங்கள். அங்கே ஜாவா என்று இருந்தால் கோட்லின் மொழி டெஸ்ட்கள் வராது. ஸ்கோப்பில் முழு புராஜெக்ட்டையும் தேர்ந்தீர்களா, இல்லை திறந்திருக்கும் மாட்யூல் மட்டுமா என்பதையும்.

மார்ச் 4, இரவு 9.00

"அசர்ட்.அசர்ட்ஈக்வல்ஸ் என்று வகுப்புப் பெயரோடு எழுதியவை வரவில்லை" என்று இன்னொருவர்.

ஆமாம், முன்னால் ஒரு வேரியபிள் வேண்டும்: $இடம்$.அசர்ட்ஈக்வல்ஸ்(…). $இடம்$ மேல் கவுன்ட் மாடிஃபையர், குறைந்தது 0, அதிகபட்சம் 1. ஸ்டேட்டிக் இம்போர்ட் செய்து வெறுமனே எழுதியது, வகுப்புப் பெயரோடு எழுதியது, இரண்டும் ஒரே தேடலில் வரும்.

இது தேடலுக்கு. மாற்றும்போது இரண்டையும் தனித்தனியாக ஓட்டுவதே என் பரிந்துரை. வகுப்புப் பெயரோடு இருப்பதற்கு மாற்று டெம்ப்ளேட்டும் வேறு, ஏனென்றால் அசர்ட் என்ற வகுப்பே 5-ல் அசர்ஷன்ஸ் ஆகிவிட்டது.

மார்ச் 5, காலை 7.45

மாற்றும் பக்கத்துக்கு வருவோம். மாற்று டெம்ப்ளேட்டில் அதே டாலர் வேரியபிள்கள், வேறு வரிசையில்:

அசர்ட்ஈக்வல்ஸ்($எதிர்பார்ப்பு$, $விளைவு$, $செய்தி$)

கீழே ரீஃபார்மட் என்று ஒரு டிக் இருக்கும், அதை எடுத்துவிடுங்கள். இருந்தால் மாற்றிய இடத்தில் வரிகளைத் திரும்ப அடுக்கும். டிஃப் (மாற்றப் பட்டியல்) வீங்கிப்போய் எது மாறியது என்று படிக்க முடியாது. அடுக்கும் வேலை தனிக் கமிட்டில் நடக்கட்டும். அந்தக் கமிட்டின் ஹேஷை (அடையாளக் குறியை) ஒரு ஃபைலில் எழுதி, எந்த வரியை யார் எழுதினார் என்று காட்டும் கிட் பிளேமுக்குக் காட்டினால் அது அந்தக் கமிட்டைத் தாண்டிப் பழைய ஆசிரியரைக் காட்டும். 2019-ல் வந்த கிட் 2.23 முதல் இந்த வசதி இருக்கிறது.

ஆர்க்யுமென்ட்களுக்கு நடுவில் யாராவது குறிப்பு எழுதியிருந்தால் அது தொலையலாம், இடம் மாறியும் உட்காரலாம். மாற்றத்துக்கு முன் டெஸ்ட் ஃபோல்டரில் அசர்ட் வரிகளுக்குள் /* இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். பெரும்பாலும் விரல்விட்டு எண்ணும் அளவுதான் இருக்கும், கையால் பார்க்கலாம்.

மாற்றியபின் மறுபடி தேடுங்கள். 0 வரும் வரை ஓட்டுங்கள்.

மார்ச் 5, காலை 10.30 – திருத்தம், கட்டாயம் படிக்கவும்

மேலே "0 வரும் வரை ஓட்டுங்கள்" என்று எழுதியது தவறு. இந்த வேலைக்கு அது விஷம்.

மாற்றம் முடிந்தபின் ஒரு வரி இப்படி நிற்கிறது என்று வையுங்கள்:

அசர்ட்ஈக்வல்ஸ்("சென்னை", ஊர், "ஊர் தவறு")

முதல் ஆர்க்யுமென்ட் என்ன வகை? ஸ்ட்ரிங். ஆக, சரியாக மாறிய வரியும் அதே தேடலில் மறுபடி விழும். இரண்டாம் தடவை ஓட்டினால் (ஊர், "ஊர் தவறு", "சென்னை") ஆகும். மூன்றாம் தடவை ஓட்டினால் பழைய நிலைக்கே வந்து நிற்கும். மூன்று பொருளைச் சுழற்றினால் அப்படித்தான். 0 என்பது வரவே வராது, வரியோ ஒவ்வொரு தடவையும் இடம் மாறிக்கொண்டே இருக்கும்.

அசர்ட்ட்ரூவுக்கு இந்தச் சிக்கல் இல்லை. மாறியபின் முதலில் பூலியன் வந்துவிடும், ஸ்ட்ரிங் தேடல் அதைத் தொடாது. எத்தனை தடவை ஓட்டினாலும் ஒரே விடை. எந்த மாற்றத்தையும் எழுதியவுடன் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது: மாற்றிய வரியே என் தேடலில் மறுபடி விழுமா? விழும் என்றால் அந்த டெம்ப்ளேட்டை அப்படியே ஓட்டக் கூடாது.

தீர்வு எளிது. மாற்றும்போது எங்கும் இல்லாத ஒரு பெயரைக் கொடுங்கள்:

புதுஅசர்ட்ஈக்வல்ஸ்($எதிர்பார்ப்பு$, $விளைவு$, $செய்தி$)

மாறியவை பெயராலேயே தனியாகிவிடும். இப்போது 0 வரும் வரை தாராளமாக ஓட்டலாம். எல்லா டெம்ப்ளேட்டும் முடிந்தபின் சாதாரணத் தேடலில் புதுஅசர்ட் என்பதை அசர்ட் ஆக்குங்கள். தனித்த பெயர் என்பதால் ரீஜெக்ஸ்கூட வேண்டாம். இடையில் புராஜெக்ட் கம்பைல் ஆகாது, பரவாயில்லை; சிவப்பாவது மெத்தட் பெயர் மட்டும்தான், ஆர்க்யுமென்ட்களின் வகை அப்போதும் தெரியும். இரண்டு குடத்துத் தண்ணீரை இடம் மாற்ற மூன்றாவது குடம் வேண்டியிருப்பது போலத்தான் இதுவும்.

மார்ச் 5, பிற்பகல் 3.15

அசர்ட்தட் பற்றிக் கேட்டிருக்கிறார்கள். அதைச் சுழற்றாதீர்கள். 5-ன் அசர்ஷன்ஸில் அசர்ட்தட் கிடையாது. ஹாம்கிரெஸ்ட் என்ற வேறு லைப்ரரியின் மேட்சர்அசர்ட் வகுப்பில் இருக்கிறது, அங்கே காரணம் இன்றும் முதல் ஆர்க்யுமென்ட்தான். இம்போர்ட்டை மாற்றினால் போதும்.

ஃபெயில்(செய்தி) அப்படியே.

மார்ச் 6, காலை 8.20

நான்காம் தேதி "தனித்தனி எண்ணிக்கை வேண்டும்" என்றேனே, அதற்கு இப்போதுதான் வேலை வருகிறது.

கடைக்காரர் இரவில் கல்லாவை எண்ணி ஏட்டோடு ஒத்துப்பார்ப்பார். ஐந்து ரூபாய் இடித்தாலும் திரும்ப எண்ணுவார். கோடை மாற்றும்போதும் அந்தப் பழக்கம் வேண்டும். மாற்றத்துக்கு முன், அடைப்பு இல்லாமல், அசர்ட்ஈக்வல்ஸ் என்ற வெறும் சொல்லைச் சாதாரணத் தேடலில் தேடுங்கள். ஃபைல் மாஸ்க் எதுவும் வேண்டாம். 412 வருகிறது என்று வையுங்கள். பிறகு ஸ்ட்ரக்சுரல் தேடலில்:

இரண்டு ஆர்க்யுமென்ட் – 251
மூன்று, முதலில் ஸ்ட்ரிங் – 96
மூன்று, முதலில் ஸ்ட்ரிங் அல்ல – 14
நான்கு – 5

கூட்டினால் 366. 46 இடிக்கிறது. அந்த 46 எங்கே என்று தெரியாமல் மாற்று பொத்தானில் கை வைக்காதீர்கள்.

வழக்கமாக இடிக்கும் இடங்கள்: ஸ்டேட்டிக் இம்போர்ட் வரிகள் (ஃபைலுக்கு ஒன்று, இவைதான் பெரும்பங்கு). கமெண்ட்டுக்குள் முடக்கி வைத்த டெஸ்ட்கள். கோட்லின் ஃபைல்கள். அசர்ட்::அசர்ட்ஈக்வல்ஸ் என்று மெத்தட் ரெஃபரன்ஸாக எழுதியவை. அடைப்பே இல்லாததால் எந்த அழைப்பு டெம்ப்ளேட்டிலும் விழாது. வகை தெரியாமல் சிவப்பில் நிற்கும் ஃபைல்கள். பிறகு, யாரோ ஒரு துணை வகுப்பில் அதே பெயரில் சொந்தமாக எழுதி வைத்த மெத்தட்.

அந்தக் கடைசியைக் கவனியுங்கள். மெத்தட்டை அறிவித்த வரி வெறும் சொல் தேடலில் தனியாகத் தெரியும், அதைத் திறந்து பாருங்கள். சொந்த மெத்தட்டில் செய்தி முதலிலேயே இருந்தால் அதன் அழைப்புகளைச் சுழற்றக் கூடாது. உள்ளே அது ஜேயூனிட்டை அழைக்கும் ஒரு வரியை மட்டும் சுழற்ற வேண்டும். அதன் அழைப்புகளும் உங்கள் 96-க்குள் கலந்திருக்கும். முதலில் அந்த மெத்தட்டுக்கு ரீநேம் கொடுத்து வேறு பெயர் வைத்துவிட்டால் தொல்லை விட்டது.

46-க்கும் ஆள் கண்டுபிடித்தபின் கமிட் செய்யுங்கள், பிறகு மாற்றுங்கள். மாற்றம் எத்தனை இடம் என்று சொல்லும். 96 என்று தேடியது 95 என்று மாறினால் அந்த ஒன்றைத் தேடிப் பிடியுங்கள்.

மார்ச் 6, பகல் 12.40

"ஓப்பன்ரீரைட் என்ற கோட் மாற்றும் கருவியில் இதற்குத் தயார் ரெசிபியே இருக்கிறதே, இவ்வளவு பாடு எதற்கு?"

இருக்கிறது, நல்லதும்கூட. வகைத் தகவலோடு வேலை செய்கிறது, இம்போர்ட்டையும் சேர்த்து மாற்றுகிறது. இன்டலிஜேயிலும் ஜேயூனிட் 4 டெஸ்ட்டை 5 ஆக்கலாம் என்று ஒரு இன்ஸ்பெக்ஷன் இருக்கிறது. அவற்றையே முதலில் ஓட்டுங்கள், ஆட்சேபமே இல்லை. ஆனால் நேற்றைக்கும் இன்றைக்கும் எழுதிய கணக்கு அப்போதும் வேண்டும். எந்தக் கருவி மாற்றினாலும் விட்டுப்போனது எத்தனை என்று அது தானாகச் சொல்லாது. உங்கள் டீமின் சொந்த அசர்ட் மெத்தட்கள் எந்தத் தயார் ரெசிபிக்கும் தெரியாது. அவற்றுக்கு டெம்ப்ளேட் நீங்கள்தான் எழுத வேண்டும்.

மார்ச் 7, காலை 9.30

விஎஸ் கோட் ஆட்கள் இருவர் கேட்டிருக்கிறார்கள். அதில் கட்டமைப்புத் தேடல் உள்ளேயே கிடையாது, ரீஜெக்ஸ்தான். ஆஸ்ட்-கிரெப் என்ற கருவியை வெளியே நிறுவிப் பயன்படுத்தலாம், அதற்கு எக்ஸ்டென்ஷனும் இருக்கிறது. டாலருக்குப் பின் பெரிய எழுத்தில் பெயர் வைத்தால் ஒரு துண்டு, மூன்று டாலர் $$$ போட்டால் எத்தனை ஆர்க்யுமென்ட் வேண்டுமானாலும். ட்ரீ-சிட்டர் என்ற லைப்ரரி கொண்டு கோடைப் பாகுபடுத்துவதால் அடைப்பு, மேற்கோள், வரி மடிப்பு எல்லாம் சரியாக வரும்.

அதற்கு வகை தெரியாது. மூன்றாவது இடத்தில் இருப்பது டெல்டாவா, விளைவா என்று அது அறியாது. முதல் ஆர்க்யுமென்ட் நேரடி மேற்கோளாக இருக்க வேண்டும் என்று கட்டுப்படுத்தலாம். அப்போது மாறிலியில் வைத்த செய்திகள் விட்டுப்போகும். அந்த மிச்சத்தைக் கண்ணால் பார்க்க நேரம் ஒதுக்கிக்கொண்டால் போதும்.

மார்ச் 7, மாலை 5.50

பேச்சு கொஞ்சம் விலகுகிறது, ஆனாலும் சொல்லத் தோன்றுகிறது.

கோ மொழியில் இந்தக் கட்டமைப்பு மாற்றம் கோடை வடிவமைக்கும் கருவியோடே வருகிறது. கோஎஃப்எம்டி, மைனஸ் ஆர், மேற்கோளுக்குள் பழைய கோவை, அம்புக்குறி, புதிய கோவை. ஒற்றைச் சிறிய எழுத்தில் எழுதிய பெயர் எதுவும் எந்தக் கோவைக்கும் பொருந்தும். வேறெதுவும் கற்க வேண்டாம். அதனாலேயே ஒரு வரம்பு: கோவைகளை மட்டும் மாற்றும், வரிசையாக நாலு ஸ்டேட்மென்ட்டை மாற்றாது.

ஸ்டேட்மென்ட்களை மாற்றுவதில் இன்றும் வியக்க வைப்பது காக்சினெல் என்ற கருவி. லினக்ஸ் கெர்னலுக்காக ஜூலியா லாவலும் சகாக்களும் உருவாக்கியது. பேட்ச் மாதிரியே எழுதலாம். நீக்க வேண்டிய வரிக்கு முன் கழித்தல் குறி, சேர்க்க வேண்டியதற்கு முன் கூட்டல் குறி. நடுவில் மூன்று புள்ளி வைத்தால் "இடையில் எது வேண்டுமானாலும் நடக்கட்டும்" என்று பொருள். கேமல்லாக் கொண்டு நினைவகம் வாங்கி, பிறகு மெம்செட் கொண்டு பூஜ்யம் நிரப்பும் இரண்டு வரியை கேஇசட்அல்லாக் என்ற ஒரே அழைப்பாக்குவது அதன் பாடப்புத்தக உதாரணம். இரண்டு வரிக்கும் இடையே பிழைச் சோதனை இருக்கலாம், வேறு வேலைகள் இருக்கலாம், அந்த மூன்று புள்ளி எல்லாவற்றையும் தாண்டிப் போகும். அடுத்தடுத்த வரிகளை மட்டும் அது பார்ப்பதில்லை, ஓட்டம் போகும் பாதையையே தொடர்கிறது. கெர்னல் மூலத்தில் ஸ்கிரிப்ட்ஸ் ஃபோல்டருக்குள் இந்த விதிகள் இருக்கின்றன. மேக் காக்சிசெக் என்று ஓட்டலாம். பேட்டர்ன் எழுதக் கற்க விரும்புகிறவர்கள் அங்கே போய் ஒரு மாலைப் பொழுது படியுங்கள்.

மார்ச் 8, காலை 10.00

முதலில் கேட்டவர் எழுதியிருக்கிறார்: "மாற்றிவிட்டேன், கணக்கு ஒத்துவந்தது. அசர்ட்நாட்நல் மட்டும் சந்தேகமாகவே இருக்கிறது. ஏற்கெனவே யாரோ பாதி ஃபைல்களைக் கையால் 5-க்கு மாற்றி வைத்திருந்தார்கள்."

சந்தேகம் நியாயம். ஏற்கெனவே இம்போர்ட் மாறிய ஃபைல்களில் சில வரி சரியாகவும் சில வரி பழைய வரிசையிலும் இருக்கலாம். இரண்டுமே கம்பைல் ஆகும். அவற்றை மாற்றும் டெம்ப்ளேட்டில் போடாதீர்கள், தேடல் மட்டும்:

$இடம்$.அசர்ட்நாட்நல்($முதல்$, $இரண்டு$)

$இடம்$ கவுன்ட் 0 முதல் 1. $முதல்$ மேல் டெக்ஸ்ட் மாடிஃபையர், அதில் ரீஜெக்ஸ்: ".*

மேற்கோளில் தொடங்கும் முதல் ஆர்க்யுமென்ட் எல்லாம் வரும். நேரடி மேற்கோளை யாரும் "நல் இல்லையே" என்று சோதிக்கத் தேவையில்லை என்பதால் இதில் வருவது எல்லாமே பிழை. பிறகு அந்த டெக்ஸ்டை எடுத்துவிட்டு $முதல்$, $இரண்டு$ இரண்டுக்கும் டைப் ஸ்ட்ரிங் கொடுங்கள். இது மாறிலியில் வைத்த செய்திகளுக்காக. இந்தப் பட்டியலில் சரியானவையும் கலந்து வரும், ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்க்கத்தான் வேண்டும். அசர்ட்நாட்ஈக்வல்ஸுக்கும் அசர்ட்நாட்சேமுக்கும் இதையே மூன்று ஆர்க்யுமென்ட்டாக எழுதுங்கள். அவற்றில் முதலில் மேற்கோள் வருவது நியாயமாகவும் இருக்கலாம், ஆகவே எல்லாமே பார்வைக்குத்தான்.

ரீஜெக்ஸை நான் முழுக்க ஒதுக்கவில்லை, பாருங்கள். ஒரு ஆர்க்யுமென்ட்டின் எல்லை எது என்று கட்டமைப்பு சொன்னபின், அந்த எல்லைக்குள் ரீஜெக்ஸ் அருமையாக வேலை செய்கிறது. எல்லையைக் கண்டுபிடிக்கும் வேலையை அதனிடம் கொடுத்ததுதான் மூன்றாம் தேதிச் சிக்கல்.

மார்ச் 8, காலை 10.25

அந்த மேற்கோள் டெம்ப்ளேட்டைத் தூக்கிப்போடாதீர்கள். செட்டிங்ஸ், எடிட்டர், இன்ஸ்பெக்ஷன்ஸ் போய் கூட்டல் குறியை அழுத்தினால் ஸ்ட்ரக்சுரல் சர்ச் இன்ஸ்பெக்ஷன் சேர்க்கலாம். பெயர்: "அசர்ட்நாட்நல்: செய்தி முதலில் வந்துவிட்டது". தீவிரம்: எரர். புராஜெக்ட் புரொஃபைலில் சேமித்து டாட் ஐடியா ஃபோல்டரில் இருக்கும் அந்த இன்ஸ்பெக்ஷன் புரொஃபைலைக் கமிட் செய்தால் டீம் முழுக்க வரும். 4-ல் பழகிய கை இன்னும் பல மாதத்துக்குச் செய்தியை முதலில்தான் எழுதும். எழுதிய நொடியே சிவப்புக் கோடு விழும்.

மார்ச் 9, இரவு 8.10 – கேட்டவர்

ஓட்டினேன். மேற்கோளில் தொடங்கியவை 7. ஏழும் பச்சையில் இருந்தவை. திருப்பிப் போட்டபின் 2 சிவப்பு.

மார்ச் 9, இரவு 8.30

அந்த இரண்டையும் இந்த மாற்றத்தின் கமிட்டில் கலக்காதீர்கள். டெஸ்ட்டில் வரிசை மாறியது ஒரு கமிட், அது வெளிக்கொண்டுவந்த பிழையைத் திருத்துவது இன்னொன்று. எந்த நாளிலிருந்து அந்த இரண்டு மெத்தட்டும் நல் தந்துகொண்டிருக்கின்றன என்று பார்க்க, திருப்பிப் போட்ட டெஸ்ட் ஃபைலை மட்டும் எடுத்துக்கொண்டு கிட் பைசெக்ட் (பிழை நுழைந்த கமிட்டைப் பாதி பாதியாகத் தேடுவது) ஓட்டுங்கள். தொடக்கம், யாரோ கையால் இம்போர்ட்டை மாற்றினார் என்றீர்களே, அந்தக் கமிட்.